பழைய ஓவர்கிளாக் கம்ப்யூட்டரில் கேம் ஏன் திணறுகிறது?

நண்பர் ஒருவரின் டெஸ்க்டாப். 2013-ல் வந்த இன்டெல் ஐ7-4770கே பிராசசர், 4.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஓவர்கிளாக் செய்தது, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓடும்படி ஏற்றியது. பல வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய மெஷின். திடீரென்று ஒரு நாள் தகராறு ஆரம்பித்தது. கேமைத் திறந்ததும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் 75 எஃப்.பி.எஸ். (விநாடிக்கு 75 ஃபிரேம், அதாவது 75 படம்) வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் சட்டென்று 20-க்கு விழும். ஏழெட்டு விநாடி படம் விட்டுவிட்டு நகரும். மறுபடி 75. இரண்டு நிமிடம் கழித்து அதே கதை. கிராபிக்ஸ் டிரைவரை மூன்று முறை மாற்றிப் பார்த்தார், விண்டோஸைப் புதிதாகப் போட்டார். புது கிராபிக்ஸ் கார்டு வாங்குவதுதான் பாக்கி என்ற நிலையில்தான் என்னிடம் சொன்னார்.

திரையில் தெரிந்த எண்களில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிராசசர் சூடு 74 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 68 டிகிரி. சரி, கண்ணால் பார்த்தது போதாது என்று சூடு, வேகம் போன்றவற்றைக் கண்காணிக்கும் எச்டபிள்யூஇன்ஃபோ புரோகிராமை விநாடிக்கு ஒரு வரி எழுதும்படி ஓடவிட்டு, பதினைந்து நிமிடம் விளையாடச் சொன்னேன். பிறகு அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தோம். பன்னிரண்டாவது நிமிடம் நெருங்கும்போது பிராசசர் வேகம் என்ற பத்தியில் 4400, 4400, 4400 என்று வந்துகொண்டிருந்த எண் அடுத்த வரியில் 800 ஆனது. ஏழு வரிக்கு 800. பிறகு மீண்டும் 4400. அந்த ஏழு விநாடியும் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 97 சதவீதத்திலிருந்து 22-க்கு இறங்கியிருந்தது. கார்டு பாவம், வேலை வராமல் சும்மா உட்கார்ந்திருந்தது.

அந்த 800 எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓவர்கிளாக் என்பது ஒரு முறை பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) எழுதிவைத்தால் காலத்துக்கும் நிற்கிற அமைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு குறிப்பிட்ட நாளில், அன்றைய சூட்டில், அன்று புதிதாக இருந்த தெர்மல் பேஸ்ட்டோடும் (பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) பவர் சப்ளையோடும் சோதித்துக் கிடைத்த முடிவு. பேஸ்ட் காய்கிறது, தூசி அடைகிறது, சிலிக்கானும் தேய்கிறது, கேம்களும் கனமாகிவிட்டன. சோதித்த நாளின் நிலைமைகளில் பாதி இன்று இல்லை. அப்படியிருந்தும் "கிராஷ் ஆகவில்லையே, அப்போ ஸ்டேபிள்தான்" என்ற ஒரு நம்பிக்கையால் ஓவர்கிளாக்கை யாரும் சந்தேகிப்பதில்லை. இங்கேதான் வாரக்கணக்கில் நேரம் வீணாகிறது. நிலை கெட்ட ஓவர்கிளாக் எப்போதும் நீலத் திரையைக் காட்டுவதில்லை. பல சமயம் சத்தமே இல்லாமல் மெதுவாகிறது.

ஃபிரேம் எதற்காகக் காத்திருக்கிறது?

எதைத் தொடுவதற்கும் முன்னால் அளக்க வேண்டும். அளப்பதிலும் சராசரி எஃப்.பி.எஸ். நம்மை நன்றாகவே ஏமாற்றும். ஒரு விநாடியில் 55 ஃபிரேம்கள் தலா 14 மில்லிவிநாடியில் வந்து, ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 230 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். மொத்தம் 56 ஃபிரேம். மூலையில் ஓடும் கவுன்ட்டர் 56 என்று அழகாகக் காட்டும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது கால் விநாடி உறைந்து நின்ற படம். எஃப்.பி.எஸ். எண்ணைவிட ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆன நேரத்தின் கோட்டைப் பார்ப்பதுதான் முக்கியம். கிராபிக்ஸ் கார்டைக் கண்காணிக்கும் ஆஃப்டர்பர்னர் புரோகிராமோடு வரும் ரிவாட்யூனர் அந்தக் கோட்டைத் திரையிலேயே வரைந்து காட்டும். 60 எஃப்.பி.எஸ். வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிவிநாடிக்குள் முடிய வேண்டும். கோடு அந்த உயரத்தில் தட்டையாக ஓடினால் நல்லது, முள்முள்ளாக எழுந்தால் அதைத்தான் நாம் 'லேக்' என்கிறோம்.

அந்தக் கோட்டின் வடிவமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தொடக்கத்திலிருந்தே சீராக உயரமாக இருந்தால், ஏதோ ஒரு பாகத்துக்குச் சக்தி போதவில்லை. பத்து நிமிடம் கழித்துத் திடீரென்று படிக்கட்டுபோல் ஏறினால் சூடு. புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் முள் எழுந்தால் டிஸ்க் அல்லது ஷேடர் (கார்டில் ஓடும் சிறு புரோகிராம்) தயாரிப்பு. கணக்காக ஒரே இடைவெளியில் முள் வந்தால் பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு புரோகிராமைத் தேட வேண்டும்.

அடுத்து, காத்திருப்பது எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் என்ன வரைய வேண்டும் என்ற கட்டளைகளைப் பிராசசர் தயார் செய்கிறது, கிராபிக்ஸ் கார்டு அதை வரைகிறது. இரண்டில் எது தாமதமோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்குக் குறைப்பது. வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாக, பாதிக்கும் கீழே இறங்கும். எஃப்.பி.எஸ். 52-லிருந்து 85-க்குத் தாவினால் கார்டுதான் திணறிக்கொண்டிருந்தது. 52-லிருந்து 54-க்கு மட்டும் நகர்ந்தால் தடை பிராசசர், ரேம் பக்கம் இருக்கிறது. புது கார்டு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்த இரண்டு நிமிடச் சோதனையை முதலில் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் பணத்தைக் கார்டில் போட்டுவிட்டு, அதே 54-ஐப் பார்த்து மனம் நொந்தவர்கள் நிறையப் பேர்.

டாஸ்க் மேனேஜர் காட்டும் "சிபியு 30 சதவீதம்" என்ற எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. எட்டு த்ரெட் உள்ள, அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலை வரிசைகளை ஓட்டும் பிராசசரில் ஒரு த்ரெட் முழுதாக மூச்சுமுட்ட ஓடினால்கூட மொத்தக் கணக்கில் அது 12.5 சதவீதம்தான். கேமின் முக்கிய த்ரெட் ஒரு கோரில் (பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) முட்டி நிற்கும்போது மற்ற கோர்கள் ஓய்வாக இருக்கலாம். ஆகவே வரைபடத்தை ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். இன்னும் நம்பகமான அடையாளம் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு. ஃபிரேம் லிமிட் எதுவும் போடாத நிலையில் அது 95-க்குக் கீழேயே அலைந்தால், கார்டு யாருக்காகவோ காத்திருக்கிறது.

இதில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. சில சமயம் மெஷினில் எந்தக் கோளாறும் இருக்காது. 2011 ஜனவரியில் வந்த ஐ5-2500கே நான்கு கோர், நான்கு த்ரெட் கொண்டது. அந்தக் காலத்து கேம்கள் அதில் ஒன்றிரண்டு கோரைத்தான் உருப்படியாகப் பயன்படுத்தின. 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் எட்டு கோர்கள். வேகம் குறைவான கோர்கள்தான், ஆனாலும் அவற்றிலிருந்து சக்தியைப் பிழிய கேம் எழுதுபவர்கள் வேலையைப் பல த்ரெட்டுகளாகப் பிரிக்கப் பழகினார்கள். 2020-ல் வந்த அடுத்த தலைமுறைக் கன்சோல்களிலோ எட்டு கோரும் வேகமானவை, கூடவே எஸ்எஸ்டி. அந்தக் கன்சோல்களை மனத்தில் வைத்து எழுதிய கேம் நான்கு கோரில் ஓடும்போது நான்கும் நூறு சதவீதத்தில் நிற்கும். பின்னணியில் வாய்ஸ் சாட், பிரௌசர் என்று எது தலைகாட்டினாலும் கேம் அதற்கு இடம் விட வேண்டும். சராசரி 60 இருந்தும் கை கூசுகிற அளவுக்குத் தடுக்கும். இதற்கு ஓவர்கிளாக்கை ஏற்றுவது மருந்தல்ல. எஃப்.பி.எஸ்.-ஐ 50-லோ 45-லோ கட்டிப்போட்டால் பிராசசருக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்து ஓட்டம் சீராகும். 40-க்கும் 65-க்கும் நடுவே ஊசலாடும் படத்தைவிட 45-ல் நிலையாக நிற்கும் படம் எவ்வளவோ மேல்.

ஓவர்கிளாக் ஏன் கெடுகிறது?

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருவோம். இன்டெல்லின் 'கே' ரகப் பிராசசர்களில் ஓவர்கிளாக் செய்வது பெருக்குத்தொகையை உயர்த்துவது. அடிப்படைக் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கு 45 என்றால் 4.5 ஜிகாஹெர்ட்ஸ். வேகம் கூடினால் டிரான்சிஸ்டர்கள் இன்னும் சீக்கிரம் நிலைமாற வேண்டும், அதற்கு வோல்டேஜைக் கூட்ட வேண்டும். இந்த வோல்டேஜில்தான் எல்லாச் செலவும் இருக்கிறது. டிரான்சிஸ்டர்கள் நிலைமாறச் செலவாகும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் ஏறும். 3.7 ஜிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட்டில் ஓடும் பிராசசரை 4.5-க்கு 1.35 வோல்ட்டில் கொண்டுபோனால், வேகம் 22 சதவீதம்தான் கூடுகிறது, சூடோ 54 சதவீதம் கூடுகிறது. சூடாகும்போது தானாகக் கசியும் மின்சாரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இத்தனை சூட்டையும் வெளியே தள்ளும் வழியில் ஒவ்வொரு கண்ணியும் வருடம் போகப்போகத் தளர்கிறது. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோல் படிகிறது. பேஸ்ட் உலர்ந்து வெடிக்கிறது. 2012-ல் வந்த ஐவி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்து சில வருடங்களுக்கு இன்டெல் தன் சாதாரண டெஸ்க்டாப் பிராசசர்களில் சிப்புக்கும் மேல்மூடிக்கும் நடுவே ஈயப்பற்றுக்குப் பதிலாகப் பேஸ்ட்டைத்தான் வைத்தது. மூடிக்கு உள்ளே இருப்பதால் அதை நாம் துடைத்து மாற்ற முடியாது. மூடியைப் பெயர்த்தெடுக்கும் தைரியசாலிகள் உண்டு, அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். லிக்விட் கூலர் வைத்திருந்தால் பம்ப்பின் சுழற்சி எண்ணை ஒரு முறை பார்த்துவிடுங்கள். பம்ப் நின்றுபோனாலும் ரேடியேட்டர் ஃபேன்கள் ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும்.

சிலிக்கானும் தேயும். மெல்லிய உலோகப் பாதைகளில் ஓடும் மின்னோட்டம் காலப்போக்கில் உலோக அணுக்களையே இடம் பெயர்க்கிறது. இதற்கு எலக்ட்ரோமைக்ரேஷன் என்று பெயர். வோல்டேஜும் சூடும் கூடக்கூட இது வேகமாகும். 2002 வாக்கில் பென்டியம் 4 நார்த்வுட் பிராசசர்களுக்கு 1.7 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தவர்கள் சில மாதங்களில் அவை செத்துவிழுவதைப் பார்த்தார்கள். அதற்கு 'நார்த்வுட் திடீர் மரணம்' என்றே ஓவர்கிளாக் ஆட்களிடையே பெயர் நிலைத்தது. நிதானமாக ஓவர்கிளாக் செய்தவர்களின் மெஷினில் இப்படிக் கொடூரமாக எதுவும் நடக்காது. நடப்பது வேறு. அன்று 1.30 வோல்ட்டில் 4.5 ஓடிய சிப்புக்கு இன்று அதே வேகத்துக்கு 1.33 தேவைப்படும். பயாஸிலோ இன்னும் 1.30 என்றுதான் இருக்கும்.

அந்த இடைவெளியில் முதலில் வருவது கிராஷ் அல்ல, திருத்தப்பட்ட பிழைகள். பிராசசர் தன் கேஷில் (அதற்குள்ளேயே இருக்கும் சிறிய மெமரி) நடக்கும் சில பிழைகளைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்துகொண்டு வேலையைத் தொடரும். விண்டோஸ் அதை ஈவென்ட் வியூவரில் 'வீஆ லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் மஞ்சள் முக்கோணத்தோடு குறித்துவைக்கும். நீலத் திரை எதுவும் வராது. சிஸ்டம் லாகைத் திறந்து அந்தப் பெயரைத் தேடுங்கள். ஒரு மாதத்தில் ஒன்று கிடைத்தாலும் அந்த ஓவர்கிளாக் ஸ்டேபிள் இல்லை. இதில் நான் எந்தச் சமாதானமும் ஏற்பதில்லை. ஏனென்றால் ஒன்று திருத்தப்பட்டது என்றால், திருத்தப்படாமல் உங்கள் சேவ் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்தது எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது.

கிராபிக்ஸ் கார்டின் மெமரியை ஓவர்கிளாக் செய்தவர்களுக்கு இதே கதை வேறு உருவத்தில் வரும். ஜிடிடிஆர்5 மெமரியில் அனுப்பிய தகவல் கெட்டால் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும் வசதி உண்டு. எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் ஏற்றினால் திரையில் புள்ளியோ கோடோ தெரியாது. மறு அனுப்பல்கள் மட்டும் பெருகும், எஃப்.பி.எஸ். குறையும். மெமரி வேகத்தை 50 மெகாஹெர்ட்ஸ் குறைத்தால் கேம் வேகமாகும் என்றால் நம்ப முடிகிறதா? செய்து பாருங்கள்.

இனி அந்த 800-க்கு வருகிறேன். இன்டெல் பிராசசரில் 'புரோக்ஹாட்' என்று ஒரு கம்பி உண்டு. பிராசசர் தன் சூட்டு எல்லையைத் தொடும்போது அந்தக் கம்பி வழியாக அபாயத்தைச் சொல்லி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பலருக்குத் தெரியாத விஷயம், அது இருவழிக் கம்பி. வெளியிலிருந்து மதர்போர்டும் அதை இழுத்து "எனக்குச் சுடுகிறது, நீ நிறுத்து" என்று பிராசசரைக் கட்டாயப்படுத்தலாம். எச்டபிள்யூஇன்ஃபோவில் வேகம் குறைந்ததற்கான காரணங்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் புரோக்ஹாட் என்ற வரியில் 'ஆம்' என்று விழுந்திருந்தது. பிராசசரோ 74 டிகிரியில், எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. அப்படியானால் கம்பியை இழுத்தது போர்டு.

போர்டில் சுட்டது விஆர்எம். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டைப் பிராசசருக்கு வேண்டிய சிறிய வோல்டேஜாக மாற்றும் பகுதி அது. பிராசசர் சாக்கெட்டுக்கு இடதுபுறமும் மேலேயும் சிறிய அலுமினியத் தகட்டுக்கு அடியில் வரிசையாக இருக்கும். நண்பரிடம் "சமீபத்தில் உள்ளே எதையாவது மாற்றினீர்களா?" என்று கேட்டேன். ஆறு மாதத்துக்கு முன் பழைய டவர் கூலரை எடுத்துவிட்டு லிக்விட் கூலர் போட்டதாகச் சொன்னார். விடை அங்கேதான் இருந்தது. பழைய கூலரின் ஃபேன் பிராசசருக்குக் காற்று தந்ததோடு, பக்கத்திலிருந்த விஆர்எம் மேலும் ஓரளவு வீசிக்கொண்டிருந்தது. லிக்விட் கூலர் வந்ததும் பிராசசரின் சூடு இறங்கியது, அந்தத் தகட்டைச் சுற்றிக் காற்று அசையாமல் நின்றுவிட்டது. கேம் ஓடும்போது அதன் மேல் விரலை வைத்தேன், ஒரு விநாடிகூட வைக்க முடியவில்லை. உதிரியாகக் கிடந்த ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனை ஒரு டையால் கட்டி அந்தப் பக்கம் திருப்பிவைத்தோம். மறுபடி நாற்பது நிமிடம் லாக் எடுத்ததில் ஒரு 800-கூட இல்லை.

பழைய நிலைக்குத் திரும்பிப் பார்ப்பது

இப்படி ஒவ்வொன்றாகத் துரத்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஓவர்கிளாக்கை முழுதாக எடுத்துவிட்டு அதே கேமில் அதே இடத்தில் அளந்து பார்ப்பது. பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு டீஃபால்ட்டுக்குத் திருப்புங்கள். எல்லாம் டீஃபால்ட்டில் இருக்கும்போது திணறல் போய்விட்டால் குற்றவாளி ஓவர்கிளாக்கோ அதன் சூடோதான். திணறல் அப்படியே இருந்தால் வேறு பக்கம் தேடலாம். எஃப்.பி.எஸ். கொஞ்சம்கூடக் குறையவே இல்லையென்றால் இன்னும் சுவாரஸ்யம். ஓவர்கிளாக் ஏற்கெனவே காணாமல் போயிருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை.

இது அடிக்கடி நடக்கிற விஷயம். மதர்போர்டில் நாணயம்போல் இருக்கும் சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட் தரும். அது தீர்ந்துபோனால், சுவிட்சை அணைக்கும்போதெல்லாம் பயாஸ் அமைப்புகள் அழிந்து டீஃபால்ட்டுக்கு வந்துவிடும். நேரமும் தேதியும் தப்பாகக் காட்டினால் அதுதான் அறிகுறி. ஆனால் விண்டோஸ் இன்டர்நெட்டில் நேரத்தைச் சரிசெய்துகொண்டுவிடுவதால் பலருக்கு அதுவும் கண்ணில் படுவதில்லை. ஓவர்கிளாக்கோடு, ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பும் போய்விடும். 2133-ல் ஓடிய டிடிஆர்3 ரேம் 1333-க்கு இறங்கும். இரண்டு சேனலில் விநாடிக்கு 34 ஜிபி கடத்திய பாதை 21 ஜிபியாகச் சுருங்கும். பிராசசர் பக்கம் முட்டி நிற்கும் கேம்களில் இந்த இறக்கம் நன்றாகவே தெரியும். ஒரு ரேம் குச்சி ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் போனால் பாதை இன்னும் பாதியாகும். சிபியு-இசட் என்ற புரோகிராமைத் திறந்து ரேமின் அளவு, சேனல், வேகம் மூன்றையும் பாருங்கள். அங்கே காட்டும் வேகம் பாதியாகத்தான் இருக்கும், 1333 ரேமுக்கு 667 என்று. பதற வேண்டாம், அது சரிதான்.

ஓவர்கிளாக்கைத் தின்னும் இன்னொரு அமைப்பு விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99-ஆக மாற்றினால் சூடு குறையும் என்று ஒரு யோசனை வெகுகாலமாகச் சுற்றுகிறது. குறையும்தான், ஏனென்றால் அது டர்போவையே (வேலை கூடும்போது அடிப்படை வேகத்துக்கு மேல் தானாக ஏறும் வசதி) அணைத்துவிடுகிறது. அந்தத் தலைமுறை 'கே' பிராசசர்களில் ஓவர்கிளாக் நடப்பதே டர்போ பெருக்கின் வழியாகத்தான். 4.5-ல் ஓட வேண்டிய 2500கே அந்த ஒரு சதவீதத்துக்காக 3.3-ல் நின்றுவிடும். எப்போதோ செய்து மறந்துபோன மாற்றம் என்பதால் இதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

கிளாக்கைப் பற்றிப் பேசும்போது நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்குள் நேரம் அளக்கும் கடிகாரங்கள் பல. ஓவர்கிளாக் அவற்றைக் குழப்பும். விண்டோஸ் 8-ல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அடிப்படைக் கிளாக்கை மாற்றினால் கம்ப்யூட்டரின் ஒரு விநாடி உண்மையான ஒரு விநாடியாக இல்லாமல் போனது. மதிப்பெண்கள் பொய்யாக வந்ததால் 2013 ஆகஸ்டில், ஓவர்கிளாக் மதிப்பெண்களைப் பட்டியலிடும் எச்டபிள்யூபாட் தளம் விண்டோஸ் 8 முடிவுகளை விலக்கிவைத்தது. இன்னொரு பக்கம், ஓவர்கிளாக் செய்பவர்கள் துல்லியத்துக்காக எச்பிஇடி என்ற கடிகாரத்தைக் கட்டாயமாக்கி வைப்பதுண்டு. அதைப் படிப்பதற்கு நேரம் அதிகம் ஆகும், கேமோ ஒரு விநாடியில் பல முறை நேரத்தைக் கேட்கும். 2018-ல் ஆனந்த்டெக் தளம் ஏஎம்டியின் ரைசன் பிராசசர் விமர்சனத்தில் தன் எண்கள் மற்றவர்களோடு ஒத்துப்போகாத காரணத்தைத் தேடியபோது, இப்படிக் கட்டாயப்படுத்திய எச்பிஇடிதான் இன்டெல் பிராசசர்களின் கேம் வேகத்தை இழுத்துப்பிடித்திருந்தது தெரியவந்தது. வேகம் கூடும் என்று எங்கோ படித்து விண்டோஸின் பூட் அமைப்பில் பிளாட்ஃபார்ம் கிளாக்கை எப்போதாவது மாற்றியிருந்தால், அந்த மாற்றத்தை நீக்கிவிடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டில் பார்க்க வேண்டியவை குறைவு, ஆனால் முக்கியமானவை. முதலாவது வீடியோ மெமரி. கேம் கேட்பது கார்டில் இருப்பதைவிட அதிகமானால் மீதி சாதாரண ரேமுக்குப் போய், ஒவ்வொரு முறையும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக வந்துபோக வேண்டும். டெக்ஸ்ச்சர் அளவை ஒரு படி இறக்கினால் மாயம்போல் சரியாகும். இரண்டாவது அந்தப் பாதையே. பழைய போர்டில் புது கார்டு போடும்போது இது காலை வாரும். 2022-ல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே லேன் (அந்தப் பாதையில் தகவல் ஓடும் தடம்) கொண்டது. பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறைப் போர்டில் விநாடிக்குச் சுமார் 8 ஜிபி கிடைக்கும். சாண்டி பிரிட்ஜ் (2500கே-யின் தலைமுறை) கால பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறைப் போர்டில் அதே கார்டுக்கு 2 ஜிபிதான். கூடவே மெமரி 4 ஜிபிதான் என்பதால் நிரம்பி வழியும், வழிந்தது இந்தக் குறுகிய சந்து வழியாகப் போக வேண்டும். பழைய போர்டுக்குக் கார்டு தேடும்போது பதினாறு லேன் உள்ளதாகப் பார்ப்பது நல்லது. உங்கள் கார்டு எத்தனை லேனில் ஓடுகிறது என்பதை ஜிபியு-இசட் காட்டும். கார்டு சும்மா இருக்கும்போது தலைமுறை எண்ணைக் குறைத்துத்தான் காட்டும், அதனால் அதிலேயே இருக்கும் ரெண்டர் சோதனையை ஓடவிட்டுப் பாருங்கள்.

பவர் சப்ளையைச் சோதிப்பது வீட்டில் கடினம். அதன் கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. பத்து வருடம் சூட்டில் கிடந்தது என்றால் அதை நம்பி ஓவர்கிளாக் செய்ய வேண்டாம், அவ்வளவுதான் சொல்வேன். ஹார்டு டிஸ்க்கில் கேம் வைத்திருந்தால் ஒரு சாட்டா எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், புது இடத்துக்குள் நுழையும்போது வரும் தடுமாற்றத்தில் பெரும்பகுதி ஓடிவிடும். 2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்ததில் ஹாஸ்வெல்லும் (நண்பரின் 4770கே-யின் தலைமுறை) அதற்கு முந்தையவையும் அதிகம் மெதுவாகும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. கேம்களில் அந்த அடி பெரிதில்லை. அந்தப் பாதுகாப்பை அணைத்துவிட்டு ஒன்றிரண்டு ஃபிரேம் சம்பாதிப்பதை நான் தப்பு என்றே சொல்வேன், அதுவும் பேங்க் கணக்கைத் திறக்கும் அதே மெஷினில்.

காரணத்தைக் கண்டுபிடித்து, தூசி தட்டி, பேஸ்ட் மாற்றிய பிறகு மறுபடி ஓவர்கிளாக் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம், ஆனால் பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். வோல்டேஜை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த வோல்டேஜில் சிப் தானாக எவ்வளவு தூரம் வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். அன்று எண்ணைத் துரத்தினோம், இன்று அந்தச் சிப் இன்னும் சில வருடம் உழைத்தால் போதும். சோதனைக்கு பிராசசரை முழுச் சுமையில் ஓட்டும் பிரைம்95-ஐ இரவு முழுக்க ஓடவிட்டு வறுத்தெடுக்கவும் தேவையில்லை. நீங்கள் விளையாடும் கேமை இரண்டு மணி நேரம் லாகோடு ஓட்டுங்கள், ஒரு முறை ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள், ஒரு வாரம் கழித்து ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள்.

நண்பரின் மெஷினை அன்றே 4.4-லிருந்து 4.2-க்கு இறக்கினோம். வோல்டேஜ் 1.28-லிருந்து 1.18 ஆனது. வேகத்தில் இழந்தது நாலரை சதவீதம், மின்சாரத்தில் மிச்சம் கணக்குப்படி 19 சதவீதம். எஃப்.பி.எஸ். 75-லிருந்து 72 ஆனது. அவர் கொஞ்சம் முகம் சுளித்தார். பிறகு இரண்டு லாகின் ஃபிரேம் நேரக் கோடுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினேன். மேலே உள்ளதில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கோபுரம்போல் ஒரு மேடு. கீழே உள்ளது 14 மில்லிவிநாடியை ஒட்டி நாற்பது நிமிடமும் தட்டையாக ஓடியது. கார்டுக்கென்று எடுத்துவைத்த பணத்தில் ஒரு எஸ்எஸ்டியும் ஒரு சிஆர்2032 பேட்டரியும் வாங்கினார். விஆர்எம் பக்கம் கட்டிய அந்த ஃபேன் இன்னும் அதே டையில்தான் தொங்குகிறது.